புண்ணியம் தேடி விட்ட ஆமை

மாசி மகத்திற்கு இரண்டு நாட்களுக்கு முன், விளக்கு வைக்கும் நேரத்தில், வில்லியனூரிலுள்ள நமது வீட்டு வாசலில் ஒரு மூதாட்டியார் வந்து நின்றார். அவருடன் நமது வகுப்பில் ஆறாவது படிக்கும் அவருடைய பேரன். பையன் கையில் ஒரு வாளி. வாளிக்குள் ஏதோ பிராணி ஓயாமல் சுரண்டிக்கொண்டிருந்தது.

"ஐயா, ஒரு யோசனை கேட்டுட்டுப் போகலாம்னு வந்தோம். மகத்தன்னைக்குத் திருக்காஞ்சிக்குப் போறோம். இதை அங்கேயே ஆத்துல விட்டுடலாம்னு நான் சொல்றேன். இவன் ஊசுட்டேரியிலதான் விடணும்ங்கிறான். எங்கே விட்டா இது பொழைச்சுக்கும்? நீங்களே சொல்லுங்க" என்றார் மூதாட்டியார்.

வாளியை எட்டிப் பார்த்தோம். உள்ளே சாப்பாட்டுத் தட்டின் அகலத்திற்கு ஓர் ஆமை. பச்சையும் மஞ்சளுமாகக் கோடிட்ட கழுத்து. கண்ணுக்குப் பின்னால், காது இருக்க வேண்டிய இடத்தில், குங்குமத்தைத் தீற்றினாற்போல் ஒரு சிவப்புக் கோடு. நான்கு வருஷங்களுக்கு முன் பையனுடைய மாமா நகரத்துக் கடையொன்றில் இதை வாங்கி வந்தபோது ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிதாக இருந்ததாம். இப்போது கண்ணாடித் தொட்டி கொள்ளவில்லை, தண்ணீர் நாறுகிறது, கிட்டப் போனால் கடிக்க வருகிறது.

"வாயில்லா ஜீவன், ஐயா. வாளியில அடைச்சு வெச்சிருக்கறது பாவமில்லையா? தண்ணியில விட்டா நமக்கும் ஒரு புண்ணியம்" என்று அவர் முடித்தார்.

'எங்குமே விடக் கூடாது, அம்மா' என்பதுதான் விடை. ஆயினும் அதை உடனே சொல்ல நமக்கு நா எழவில்லை. அதன் காரணத்தைப் பின்னால் சொல்லுவோம்.

மிஸிஸிப்பியிலிருந்து வில்லியனூர் வரை

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்பது நம் பாட்டன்மார் வாக்கு. இன்றைய நாகரிகமோ, வீட்டில் ஆமை இருந்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லி, பணம் கொடுத்து அதை உள்ளே அழைத்து வருகிறது. அப்படி அழைத்து வரப்படுகிற ஆமை பெரும்பாலும் இதுவே. செங்காது ஆமை என்று இதைச் சொல்லலாம். இதன் தாயகம் அமெரிக்காவில் மிஸிஸிப்பி நதி பாயும் பிரதேசமும் அதை அடுத்த வட மெக்ஸிகோவும் ஆகும். அமெரிக்க ஐக்கிய மாகாணங்களின் தென் பகுதியில், முக்கியமாக லூயிஸியானாவில், பண்ணை வைத்துக் குஞ்சுகளை உற்பத்தி செய்தார்கள். 1989 முதல் 1997 வரையில் அங்கிருந்து வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியான குஞ்சுகள் 5 கோடிக்கும் மேல். அக்காலத்தில் ஆமை வீரர்களைப் பற்றிய ஒரு சித்திரக் கதை குழந்தைகளிடையே பெற்றிருந்த மோகமும் இந்த வியாபாரத்திற்குத் துணை செய்தது.

குஞ்சு அழகாயிருக்கிறது என்று வாங்குகிறோம். அது வளர்ந்து முப்பது வருஷம்கூட உயிர் வாழும் என்பதைக் கடைக்காரர் சொல்லுவதில்லை, நாமும் கேட்பதில்லை. இடம் போதாமற் போனதும் குளமோ ஏரியோ கண்ணில் படுகிறது. இவ்வாறு உலகமெங்கும் விடப்பட்டுப் பெருகியதால், உலகின் மிகக் கொடிய 100 அந்நியப் படையெடுப்பு ஜீவன்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தார் தொகுத்த பட்டியலில் இதுவும் இடம் பெற்றுவிட்டது. 1997இல் ஐரோப்பிய யூனியன் இதன் இறக்குமதியைத் தடுத்தது. அமெரிக்காவிலேயே, 4 அங்குலத்திற்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளை வளர்ப்புப் பிராணிகளாக விற்கக் கூடாதென்று 1975இல் தடை பிறந்தது. சால்மொனெல்லா என்ற கிருமி ஆமைகளின் மூலம் குழந்தைகளைப் பற்றி, வாந்தியும் பேதியும் உண்டாக்கியதே அதற்குக் காரணம்.

நம் தேசத்திற்கும் இந்த விருந்தாளி வந்தாயிற்று. கேரளத்தில் திருச்சூருக்கு அருகிலுள்ள களத்தோடு வாய்க்காலில் 2018இல் ஒன்று அகப்பட்டது. பீச்சியிலுள்ள கேரள வனஆராய்ச்சி நிலையத்தார், இவற்றை நீர்நிலைகளில் விடாமல் தங்களிடம் ஒப்படைக்கும்படி ஜனங்களைக் கேட்டுக்கொண்டார்கள். அஸ்ஸாமில் குவாஹாட்டி நகரத்து உக்ரதாரா ஆலயக் குளத்திலும் இது காணப்பட்டிருக்கிறது. சென்னை, திருச்சி விமான நிலையங்களில் பிரயாணிகளின் பெட்டிகளிலிருந்து ஆயிரக்கணக்கான குஞ்சுகளைச் சுங்க அதிகாரிகள் கைப்பற்றிய செய்தியைப் பத்திரிகைகளில் அடிக்கடி படிக்கிறோம். பிடிபட்டவை போக மீந்தவை கடைக்கு வருகின்றன; கடையிலிருந்து வீட்டுக்கு; வீட்டிலிருந்து, புண்ணியத்தின் பெயரால், குளத்துக்கு.

ஆமைக்குள் குடியிருப்போர்

"ஓர் ஆமையினால் என்ன குடி முழுகிவிடும்?" என்று கேட்கலாம். ஆமை ஒன்றுதான், ஆனால் அது தனியே வருவதில்லை.

எந்தக் காட்டுப் பிராணியின் உடலிலும் ஒட்டுண்ணிகள் உண்டு. குடலில் புழு, இரத்தத்தில் புழு, சிறுநீர்ப்பையில் புழு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். பல்லாயிரம் வருஷங்களாக ஒன்றோடொன்று பழகியபடியால், தன் ஊர்ப் புழுவைப் பெரும்பாலும் பிராணி எவ்வாறோ தாங்கிக்கொள்கிறது. அதே புழு, பழக்கமில்லாத வேறொரு ஜாதிப் பிராணியின் உடலில் புகுந்தால்தான் விபரீதம் விளைகிறது.

ஸ்பெயின் தேசத்தில் இது கண்கூடாக நடந்தது. அந்நாட்டின் வடமேற்கிலுள்ள கலீஸியாவில், அந்நாட்டுக் குளத்து ஆமைகள் சில இறந்தன. அறுத்துப் பார்த்தபோது அவற்றின் இரத்தக் குழாய்களில் அமெரிக்க ஆமைகளுக்குரிய ஒரு தட்டைப் புழு இருந்தது. 2015இல் அவ்விஷயம் வெளியாயிற்று. இப்புழுவின் வாழ்க்கை விசித்திரமானது. ஆமையின் இரத்தக் குழாயில் முட்டையிடுகிறது. முட்டைகள் குடற்சுவரைத் துளைத்து மலத்துடன் நீரில் விழுகின்றன. வெளிவரும் நுண்ணிய குஞ்சு ஒரு நத்தையைத் தேடி அதன் உடலில் புகுகிறது. அங்கே பலவாகப் பெருகி மறுபடி நீரில் இறங்கி, அடுத்த ஆமையின் தோலைத் துளைத்து உட்செல்கிறது. வெளியேற முடியாத முட்டைகள் உறுப்புக்களில் தங்கிப் புண்ணாக்குகின்றன. ஆகவே அந்நிய ஆமையும் நம் ஆமையும் ஒன்றையொன்று தொட வேண்டியதில்லை, கடிக்க வேண்டியதில்லை. இரண்டுக்கும் ஒரே தண்ணீரும், நடுவே தரகனாக ஏற்ற நத்தையும் இருந்தால் போதும்.

மற்றொரு வகைத் தட்டைப் புழுவுக்கு நத்தைகூட வேண்டாம். ஆமையின் சிறுநீர்ப்பையிலும் வாயிலும் கண்ணிமைக்குள்ளும் வசிக்கும் அப்புழு, செங்காது ஆமையிடமிருந்து பிரான்ஸிலும் ஸ்பெயினிலுமுள்ள நாட்டு ஆமைகளுக்குத் தாவியிருப்பதை 2011இல் ஆராய்ச்சியாளர் நிரூபித்தார்கள். இதற்கு மறுதலையாக, தென்மேற்கு ஸ்பெயினில் நாட்டு ஆமைகளின் குடற்புழுக்கள் அமெரிக்க ஆமையைப் பற்றிக்கொண்டதும் உண்டு. இதிலும் நாட்டு ஆமைக்கு இலாபமில்லை. நோய் தங்குவதற்கு ஊரில் ஒரு வீடு அதிகமாகிவிட்டது, அவ்வளவுதான்.

நம் பக்கத்து நீர்நிலைகளில் வாழும் பாலாமையை நேயர்கள் அறிவார்கள். ஓட்டின் மேல் மெல்லிய தோல் போர்த்த, சாதுவான பிராணி. நத்தையையும் செத்த மீனையும் தின்று ஏரியைத் துப்புரவாக வைக்கிறது. கோடையில் நீர் வற்றினால் சேற்றைத் தோண்டிப் புதைந்து, மழை வரும்வரை காத்துக் கிடக்கிறது. 1972ஆம் வருஷத்து வனஜீவராசிகள் பாதுகாப்புச் சட்டம் இதற்குப் பூரணப் பாதுகாப்பு அளித்திருக்கிறது. கறிக்காகப் பிடிப்போரிடமிருந்து சட்டம் இதைக் காப்பாற்றலாம். புண்ணியவான்கள் கொண்டுவந்து விடும் புழுக்களிடமிருந்து எந்தச் சட்டம் காப்பாற்றும்?

வயிறு சொன்ன சாட்சி

வேடிக்கை என்னவென்றால், அழையாமல் வந்த இந்த ஆமையே, நாம் செய்யும் வேறொரு பிழைக்குச் சாட்சி சொல்லவும் வந்திருக்கிறது.

கடலாமைகள் பிளாஸ்டிக்கைத் தின்று மடிவதைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். கடலில் மிதக்கும் பையை அவை இழுதுமீன் என்று எண்ணி விழுங்குகின்றன என்பார்கள். பார்வை மட்டுமல்ல, வாசனையும் ஏமாற்றுகிறது. கடலில் நாட்பட்டுப் பாசி படிந்த பிளாஸ்டிக்கின் வாசனைக்கு ஆமைகள் இரையின் வாசனைக்குப் போலவே மூக்கை நீட்டுகின்றன என்று 2020இல் ஒரு பரிசோதனை காட்டியது. ஒரே ஒரு துண்டை விழுங்கிய கடலாமை அதனால் சாவதற்கு 22 சதவீத வாய்ப்பு உண்டென்றும், 14 துண்டுகளானால் அது 50 சதவீதமாகிறதென்றும் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 2018இல் கணக்கிட்டார்கள். குடல் அடைபடலாம், அல்லது குத்திக் கிழிபடலாம், வயிறு நிறைந்ததுபோல் தோன்றி உடல் மெலியலாம்.

சரி, குளத்து ஆமையின் கதி என்ன? அமெரிக்க ஆராய்ச்சியாளர் மூவர் இதை விசாரித்து 2021இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கடலாமை வகைகள் 7. ஏழும் பிளாஸ்டிக் தின்றதாக ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. கடலில் வாழாத ஆமை வகைகள் 352. அவற்றில் 5 வகைகளைப் பற்றி மட்டுமே அப்படிப் பதிவு கண்டது. மற்றவை உத்தம விரதம் காக்கின்றன என்று இதற்கு அர்த்தமில்லை. அவற்றின் வயிற்றைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு என்பதே அர்த்தம்.

கலிபோர்னியாவில் அருகிவரும் நாட்டு ஆமை ஒன்று உண்டு. அதைக் கொன்று வயிற்றைச் சோதிப்பது தகாது. ஆகவே அந்த ஆராய்ச்சியாளர்கள், அங்கே பெருகியிருக்கும் அந்நியரான ஆமைகளைச் சோதித்தார்கள். 65 ஆமைகளில் 7.7 சதவீதத்தின் வயிற்றில், அதாவது 5 ஆமைகளிடத்தில், பிளாஸ்டிக் இருந்தது. ஒரே தண்ணீரில் வாழ்ந்து, ஏறக்குறைய ஒரே இரையைத் தின்னும் நாட்டு ஆமைக்கும் இந்த அபாயம் உண்டென்று இதனால் ஊகிக்கலாம்.

இங்கே தமிழர்கள் பெருமை கொள்ளத்தக்க ஒரு விஷயம் உண்டு. வயிற்றில் கண்ட துண்டு பிளாஸ்டிக்கா, அல்லது பிளாஸ்டிக்கைப் போலத் தோன்றும் இலைச் சருகா என்று கண்ணால் சொல்லிவிட முடியாது. அதைத் தீர்மானித்துக் கொடுத்தது இராமன் ஒளிச் சோதனை. திருச்சிக்கு அருகே திருவானைக்காவலில் 1888இல் பிறந்த சர் சி. வி. இராமன், 1928இல் கல்கத்தாவில் கண்டுபிடித்து, 1930இல் நோபல் பரிசு பெற்ற அதே உண்மைதான். ஒரு பொருளின் மேல் ஒளி பட்டுச் சிதறும்போது, அதில் ஒரு சிறு பகுதி நிறம் மாறுகிறது. அந்த மாற்றம் பொருளுக்குப் பொருள் வேறுபடும். கைரேகையைக் கொண்டு ஆளை அறிவதுபோல், அதைக் கொண்டு பொருளை அறியலாம். இச்சோதனை செய்யாதிருந்தால் அவர்கள் கணக்கு 40 சதவீதம் வரை மிகையாகப் போயிருக்குமாம். குற்றஞ் சாட்டும்போதும் உள்ளதற்கு மேல் சொல்லக் கூடாது என்ற விஞ்ஞானிகளின் ஒழுங்கை நாமும் கற்றுக்கொள்வது நல்லது.

நமது ஏரிகள்

புதுச்சேரிப் பிரதேசத்தில் 84 ஏரிகள் உண்டென்பது வழக்கமான கணக்கு. அவற்றில் பெரியது வில்லியனூர்ப் பக்கத்து ஊசுட்டேரி. அதில் ஒரு பாகம் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. 2008இல் புதுச்சேரி அரசாங்கம் தன் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக்கியது. அடுத்தது பாகூர் ஏரி. தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரியும் பங்காரு வாய்க்கால் அதற்கு நீர் கொண்டு வருகிறது. செஞ்சி மலைப் பக்கத்திலிருந்து வரும் சங்கராபரணி, திருக்காஞ்சியைத் தொட்டுக்கொண்டு கடலுக்குப் போகிறது. ஏரியும் வாய்க்காலும் ஆறும் ஒன்றோடொன்று கோத்த மணிமாலைபோல் இருப்பதுதான் நம் முன்னோர் செய்த ஏற்பாட்டின் அழகு. அந்த அழகே இப்போது அபாயத்திற்கும் வழியாயிருக்கிறது. ஓரிடத்தில் விட்ட பிராணி, வெள்ளக் காலத்தில் இன்னோரிடம் சேரும். ஒரு தெருவில் எறிந்த பால் பையும் மளிகைக்கடை உறையும் ஐப்பசி மழையில் வாய்க்கால் வழியே ஏரிக்கு வந்து சேரும்.

ஒரு முறை மட்டும் உபயோகிக்கும் பிளாஸ்டிக் சாமான்கள் பலவற்றைத் தேசமெங்கும் 1-7-2022 முதல் தடை செய்தாயிற்று. ஆனால் மதகடியில் போய்ப் பார்த்தால் தடை இருப்பதாகத் தெரியவில்லை. ஆமையை ஏரியில் விடும் மனப்பான்மையும், உறையை வாய்க்காலில் எறியும் மனப்பான்மையும் வேறு வேறு அல்ல என்பதே நமது அபிப்பிராயம். வீட்டில் வேண்டாததைத் தண்ணீரில் போட்டால் அது கண்ணுக்கு மறைகிறது. மறைந்ததை இல்லையென்று கருதிவிடுகிறோம். ஏரி எதையும் இல்லாமற் செய்வதில்லை. வாங்கி உள்ளே வைத்துக்கொள்கிறது.

நமது பங்கு

இப்போது, மூதாட்டியாருக்கு உடனே விடை சொல்ல ஏன் நா எழவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறோம்.

எட்டு வருஷங்களுக்கு முன் நமது மகளின் பிறந்த நாளுக்கு இதே ஜாதி ஆமைக் குஞ்சுகள் இரண்டை வாங்கி வந்தவர் நாமே. இரண்டு வருஷத்தில் அவை தொட்டிக்கு அடங்காமல் வளர்ந்தன. ஒரு நாள் விடியற்காலையில், யாரும் இல்லாத நேரத்தில், அருகிலுள்ள ஒரு கோயில் குளத்தில் அவற்றை விட்டுவிட்டு, மனப்பாரம் குறைந்தவராக வீடு திரும்பினோம். பட்டம் பெற்றவர், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுகிறவர், ஆனால் ஒரு வார்த்தை யாரையும் விசாரிக்கவில்லை. நாம் கேட்கத் தவறியதை, எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மையார் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்டார். அவர் முன்னால் உபதேசம் செய்ய நமக்கு என்ன யோக்கியதை?

ஆகவே முதலில் நமது பிழையைச் சொன்னோம். பிறகு மேலே எழுதியவற்றை எளிய வார்த்தைகளில் விளக்கினோம். அவர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டிருந்துவிட்டு, "அப்போ ஆத்துல விடறது புண்ணியம் இல்லீங்களா?" என்றார்.

"இதுக்குச் செய்யற புண்ணியத்தை வீட்டிலேயே செய்யலாம், அம்மா. பெரிய தொட்டியில் வையுங்கள், தண்ணீர் மாற்றுங்கள், வெயில் படும்படி ஒரு கல் போடுங்கள். முடியாவிட்டால் வனத்துறையாரிடம் ஒப்படைக்கலாம். தொட்ட பிறகு பையனைச் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். தொட்டித் தண்ணீரை மட்டும் வாய்க்காலில் கொட்டாதீர்கள்."

"கொண்டாந்தாச்சு, வளர்த்தாச்சு. இனிமே பொறுத்துக்கத்தான் வேணும்" என்று அவர் எழுந்தார். மாட்டுக்கு வைக்கும் பழைய சிமெண்டுத் தொட்டி ஒன்று அவர் வீட்டுக் கொல்லையில் சும்மா கிடந்ததாம். ஆமை இப்போது அதில்தான் இருக்கிறது. மகத்தன்று பாட்டியும் பேரனும் வாளியில்லாமல் திருக்காஞ்சிக்குப் போய் நீராடி வந்தார்கள்.

ஆனால் பையன் நம்மை அவ்வளவு சுலபமாக விடவில்லை. மறு நாள் வகுப்பு முடிந்ததும், "நீங்க விட்ட ரெண்டும் இப்போ என்ன ஆயிருக்கும், சார்?" என்று கேட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனையும் அழைத்துக்கொண்டு அந்தக் குளத்திற்குப் போனோம். படித்துறையில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தோம். வெயில் ஏறியதும் நடுக் குளத்துக் கல்லின் மேல் ஒரு தலை எழும்பிற்று. கண்ணுக்குப் பின்னால் அந்தச் சிவப்புக் கோடு. நன்றாக வளர்ந்திருந்தது. சற்றுத் தள்ளி, நம் நாட்டுப் பாலாமை ஒன்று மூக்கை மட்டும் நீட்டி மூச்சு வாங்கிவிட்டு மூழ்கியது. இரண்டுக்கும் நடுவே பிஸ்கட் உறை ஒன்று மிதந்து கொண்டிருந்தது.

உறையைப் பையன் ஒரு கழியால் இழுத்து எடுத்துவிட்டான். ஆமையை எடுக்க நம்மால் முடியவில்லை. வனத்துறையாருக்கு விவரமாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம்.

நேயர்களின் வீட்டிலும் இந்தச் செங்காது ஆமை இருக்கலாம். அதை வாங்காதவர்கள் வாங்க வேண்டாம். வாங்கிவிட்டவர்கள், வைத்துக் காப்பாற்றுங்கள். எந்த நீரிலும் விடாதீர்கள். நாம் செய்த காரியத்தை வேறு ஒருவராவது செய்யாதிருப்பாரானால், இக்கட்டுரை எழுதியதன் பயன் நமக்குக் கிட்டியதாகும்.